சாம்பார் வாளி

சென்னையின் சைவ ஓட்டல்களில் மேசைக்கு வரும் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இரண்டு இட்லிக்கு ஒன்று, வடைக்கு ஒன்று, தோசையில் நெய் விட்டால் அதற்கு ஒன்று. கல்லாவில் இருப்பவரின் கணக்குக்குத் தப்பி ஓர் அரை வடைகூட வாசல் தாண்டாது. சாம்பாருக்கு மட்டும் கணக்கு கிடையாது. சாம்பாரும் சட்னிகளுமாக எவர்சில்வர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் மேசைகளுக்கு நடுவே சுற்றிவருகிறான். நம் தட்டைப் பார்க்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. இட்லி மிச்சமிருந்து சாம்பார் தீர்ந்திருந்தால் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறான். நன்றி சொல்ல நேரம் இருப்பதில்லை. அவனும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த ஒரு கரண்டியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

வேலைக்கும் படிப்புக்கும் பெருநகரத்துக்கு வந்து தனியறையில் தங்கியவர்களுக்கு டிபன் கடை தரும் ஆறுதலைப் பற்றிப் பேச்சு வந்தால், அங்கே வீட்டுச் சுவை கிடைக்கிறது, அதனால்தான் என்று முடித்துவிடுகிறோம். கடைக்காரர்களும் ‘வீட்டு முறைச் சமையல்’ என்று பலகை எழுதி வைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓட்டல் சாம்பாரை எந்த வீட்டிலும் அப்படி வைப்பதில்லை. வீட்டுச் சாம்பாரில் புளி முன்னால் நிற்கும், காய் காயாகத் தெரியும். ஓட்டலில் பரங்கிக்காய் கரைந்து பருப்போடு ஒன்றாகியிருக்கும், பாசிப்பருப்பு சேர்ந்திருக்கும், வறுத்து அரைத்த மல்லியின் மணம் தெருமுனையிலேயே ஆளைப் பிடிக்கும், கடைசியில் வெல்லம் லேசாகத் தட்டும். பொங்கலில் மிதக்கும் நெய்யின் அளவை எந்த வீட்டிலும் ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு விட மாட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்கும் தர்மபுரியிலிருந்து வந்தவருக்கும் இது ஊர் ருசியே இல்லை. ஆனாலும் ஒரு தட்டுப் பொங்கலுக்கு முன்னால் இருவரும் ஒரே மாதிரி தோள் தளர்ந்து உட்காருகிறார்கள்.

வீட்டில் கேட்காமல் பரிமாறுகிறவளுக்கு நம்மைத் தெரியும். நம் பசியையும் கோபத்தையும் வயிற்றுக் கோளாறையும் அறிந்து அவள் கரண்டியை எடுக்கிறாள். ஓட்டலில் வாளியைத் தூக்கி வருகிறவனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊர், சாதி, சம்பளம், நேற்று வேலை போயிற்றா, இன்று கிடைத்ததா எதுவும் தெரியாது. தெரியாமலே ஊற்றுகிறான். வீட்டால் தர முடியாத ஒன்றை ஓட்டல் தருவது இந்த இடத்தில்தான். நீ யார் என்ற விசாரணை இல்லாத கவனிப்பு அது. பெருநகரத்தில் தனியாக இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் சாப்பாட்டில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948இல் தொடங்கிய ரத்னா கபே இந்தக் கரண்டியையே தன் அடையாளமாக்கிக் கொண்டது. தமிழ்நாட்டுச் சாம்பாருக்குப் பேர்போன அந்தக் கடையைத் தொடங்கியவர்கள் வடக்கிலிருந்து வந்த குப்தா குடும்பத்தினர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே சாம்பார் இட்லி கேட்டால் கிண்ணத்தில் அளந்த சாம்பார் வருவதில்லை. தட்டிலிருக்கும் இட்லியின் மேல் சர்வர் ஒரு ஜக்கைச் சாய்த்துத் தாராளமாக ஊற்றுகிறார். ஸ்பூனால் வெட்டித் தின்னத் தின்னச் சாம்பார் மட்டம் இறங்கும். இறங்கியதும் ஜக் திரும்பி வரும். இட்லி இரண்டுதான். சாம்பாருக்கு எல்லை நம் வயிறு.

அந்தக் கடையைச் சுற்றியிருக்கும் சந்துகள் மேன்ஷன்களால் ஆனவை. ஓர் அறையில் மூன்று கட்டில், சுவரில் ஆளுக்கொரு ஆணி, ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்ற எழுத்து. சினிமாவுக்கு வந்தவர்களும் பத்திரிகைக்கு வந்தவர்களும் அரசுத் தேர்வு எழுத வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களை நம்பி மெஸ்கள், மெஸ்களை நம்பி அவர்கள். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தலைமைச் செயலக அதிகாரியாக இருக்கலாம், சேப்பாக்கத்தில் ஆட்டம் பார்க்க வந்தவராக இருக்கலாம், மூன்று மாதமாக அறை வாடகை தராதவராக இருக்கலாம். வரிசை ஒன்று, இலை ஒன்று.

மேன்ஷனில் இருந்த காலத்தில் எனக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்தது. எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது, மோர் சாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அறைத்தோழன் நாங்கள் மாதக் கணக்கு வைத்திருந்த சிறு மெஸ்ஸில் போய் விஷயத்தைச் சொன்னான். “எண்ணெய் படாம நான் தனியா எடுத்து வெக்கிறேன். பன்னண்டு மணிக்கு வந்து வாங்கிட்டுப் போப்பா. சாதத்தக் குழைய வடிக்கச் சொல்றேன்” என்றாராம் அந்த அண்ணன். அதன்படியே எடுத்து வைத்தார். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தபோது அந்த நாட்களுக்கும் வழக்கமான சாப்பாட்டு விலையைத்தான் எழுதியிருந்தார். என் பெயரைக்கூட அவர் சரியாக எழுதியிருக்கவில்லை. அறை எண்ணைத்தான் எழுதியிருந்தார். அது எனக்குக் குறையாகவே தோன்றவில்லை.

இந்த விசாரணையின்மை தானாக வந்து சேர்ந்ததில்லை. அதற்காகச் சண்டை நடந்தது. இன்று பொங்கல் சாப்பிட உட்காரும் யாரும் அதை நினைக்க வேண்டியதில்லை. நினைக்க வேண்டியதில்லாமல் போனதே அந்தச் சண்டையின் வெற்றி. ஆனால் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது. இந்த நகரத்தின் காபி கிளப்புகளில் ஒரு காலத்தில் பலகையே கேள்வி கேட்டது. ‘பிராமணாள்’ என்ற சொல் சமைப்பவர் யார் என்று சொல்வதோடு நிற்கவில்லை. யார் எங்கே உட்காரலாம் என்றும் சொன்னது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை ரயில்வேயில் ஒழிந்தது. 1957இல் இதே திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் பலகையிலிருந்த அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். பல மாதங்கள் நடந்த மறியல். நாள்தோறும் ஆட்கள் வந்து நின்று கைதாகிப் போனார்கள். கடைசியில் சொல் போயிற்று.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும் இடம் ஒன்று உண்டு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்களைச் சொல்லும்போது கடைகளையும் பொது உணவகங்களையும் விடுதிகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் எழுதப்படும்போது டிபன் கடை நினைவுக்கு வந்திருக்கிறது. வராமல் இருக்க முடியாது. அதை எழுதியவர்களின் தலைவர் தண்ணீர் குடிக்கவே தடுக்கப்பட்டவர்.

சட்டம் வந்த பிறகும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது. தனி டம்ளர், தனி பெஞ்சு, சில இடங்களில் தேங்காய்ச் சிரட்டை. அந்த ஊர்களிலிருந்து சென்னைக்கு வந்த ஒருவர் எழும்பூரிலோ கோயம்பேட்டிலோ இறங்கி முதல் டீ குடித்தபோது, எல்லோருக்கும் கொடுத்த கண்ணாடி டம்ளரே அவருக்கும் வந்தது. குடித்து வைத்ததும் அதே வெந்நீரில் அலசப்பட்டு அடுத்தவர் கைக்குப் போயிற்று. நகரத்துச் சாப்பாட்டின் ஆறுதலைப் பற்றி எழுதும் பலர் இந்த டம்ளரை எழுதுவதில்லை. ருசி, மணம், பழைய நினைவு என்று போய்விடுகிறார்கள். இந்த டம்ளரை விட்டுவிட்டு எழுதும் எந்த ஓட்டல் வரலாறும் பாதி வரலாறுதான்.

நகரம் முழுதும் திருந்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று இன்றும் வாசலிலேயே கேட்கிறார்கள். ஒரே தெருவில் வீடு கேட்பவரிடம் இந்தக் கேள்வி உண்டு, இட்லி கேட்பவரிடம் இல்லை. இரண்டுக்கும் இடையே இருபதடி தூரம்.

உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையலறை வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை ஆரம்பித்தார். 1962இல் கதீட்ரல் சாலையில் மரங்களுக்கு அடியில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் வந்தது. காரின் கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்களும் உள்ளே போய் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகச் சொல்ல யாரும் வர மாட்டார்கள். 2008இல் அது மூடப்பட்டது. அந்த இடம் 2010இல் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. பூங்கா அழகானது. இருந்தாலும் காபி விலைக்கு ஒரு பிற்பகலையே கொடுத்த இடம் போனது இந்த நகரத்துக்குப் பெரிய இழப்பு. கேட்காமல் ஊற்றும் சாம்பாரைப் போலவே கேட்காமல் விட்ட நேரமும் பில்லில் வராத உபசரிப்புதான்.

அசைவக் கடைகளில் வாளியின் இடத்தைச் சால்னா எடுத்துக்கொள்கிறது. இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றச் சொல்கிறவனுக்குக் கறி வாங்கப் பணமில்லை என்பது பரோட்டா மாஸ்டருக்குத் தெரியும். கறியின் சாரமெல்லாம் இறங்கிய குழம்பை அவர் ஊறும்படி ஊற்றுகிறார். பிரியாணிக் கடையில் குஸ்கா கேட்கிறவனுக்கும் இதே கதை. கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு அது. விலை பாதிக்குப் பக்கம். கரண்டி அண்டாவுக்குள் போகும்போது சிறு துண்டு ஒன்று ‘தவறி’ வந்து விழுந்துவிடும். விழுந்ததை எடுத்துத் திரும்ப அண்டாவில் போடும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

பாரிமுனையில், பர்மா பஜாரை ஒட்டிய கடற்கரைச் சாலைப் பக்கம் மாலையானால் அத்தோ கடைகள் கூடும். 1960களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது அங்கிருந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தார்கள். வியாசர்பாடியிலும் வேறு பகுதிகளிலும் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழ்நாடு அவர்களுக்குத் தாய்நாடு என்று தாள்கள் சொல்லின. அவர்களில் பலருக்கு நாக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆரஞ்சு நிறத்து அகன்ற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசைந்து தருவதுதான் அத்தோ. வேகவைத்த முட்டையைக் கீறி அதற்குள் பொரித்த வெங்காயத்தையும் புளித்தண்ணீரையும் நிரப்பினால் பேஜோ. தொடக்கத்தில் இது நகரத்துக்காகச் செய்யப்பட்ட பண்டமாக இருந்திருக்காது. இழந்த ஊரை நினைத்துத் தங்களுக்குள் சாப்பிட்டுக்கொண்டதுதான் தள்ளுவண்டிக்கு வந்திருக்க வேண்டும். இன்று ரங்கூன் எங்கே இருக்கிறது என்று தெரியாத பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். அத்தோவோடு வாழைத்தண்டு சூப்பு தருவார்கள். கிண்ணம் காலியானால் நீட்டினால் போதும், மறுபடி ஊற்றுவார்கள். அகதிகளாக வந்தவர்களின் வண்டியிலும் ஒரு பொருளுக்குக் கணக்கில்லை என்பதை அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சைதாப்பேட்டை வடகறியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து வடையாக்கி, உதிர்த்து, பட்டை கிராம்பு வெங்காயம் தக்காளி மசாலாவில் கொதிக்கவிட்டால் வடகறி. காலையில் விற்றது போக மிஞ்சிய மசால் வடையிலிருந்து பிறந்த பண்டம் என்பார்கள். பெயரே அதற்குச் சாட்சி. மாரி ஓட்டலில் செட் தோசைக்கு அதைத் தொட்டுக்கொள்ள நகரத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். மிச்சத்தை வீணாக்காத அடுப்படிச் சிக்கனம் ஒரு பேட்டையின் பெருமையாகிவிட்டது. மழைக்காலக் காலையில் இதைச் சாப்பிட வேண்டும். வேறு எந்த நேரத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாம்பார் வாளிக்குப் பின்னால் வியாபாரக் கணக்கு இல்லை என்று நினைத்தால் கடைக்காரர்களுக்கு அநியாயம் செய்கிறோம். துவரம்பருப்பு விலை ஏறும் ஒவ்வொரு முறையும் முதல் அடி சாம்பாருக்குத்தான். 2015 இறுதியில் கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நகரம் முழுவதும் சாம்பார் இளைத்தது. பரங்கிக்காய் கூடிற்று, பருப்பு குறைந்தது, தண்ணீர் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த எந்தக் கடையிலும் வாளி நிற்கவில்லை. ‘கூடுதல் சாம்பாருக்குத் தனிக் கட்டணம்’ என்று எழுதி ஒட்டவில்லை. சாம்பாரைத் தண்ணீராக்கலாம், நிறுத்தக் கூடாது என்று அவர்களுக்குள் எழுதாத விதி இருந்திருக்க வேண்டும். ஒரு வயதான முதலாளியிடம் இதைக் கேட்டேன். “சாம்பார நிறுத்தினா அவரு நாளைக்கு வர மாட்டாரு சார். வடை வெல ஏத்தினா திட்டிக்கிட்டே வருவாரு” என்றார்.

நாளைக்கு வர வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. நகரத்தைவிட்டு வெளியேறிப் பாருங்கள், இது தெளிவாகும். தென்மாவட்டங்களுக்குப் போகும் இரவுப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் ஏதோ ஓர் உணவகத்தில் நிற்கும். எங்கே நிற்கும் என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. பாட்டு அலறும். இட்லி கல்லாக இருக்கும், விலை நகரத்தைவிட அதிகம். சாம்பார் ஒருமுறைதான். மறுமுறை கேட்டால் காதில் விழாது. அங்கே பரிமாறுகிறவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்தில் வாளியோடு சுற்றுகிற பையனுக்கு அவன் அண்ணனோ தம்பியோகூட இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவன் இனி வரமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். திரும்பி வராதவனுக்கு இரண்டாவது கரண்டி கிடையாது. அந்நியனை விசாரிக்காமல் உபசரிக்கும் நகரத்து வழக்கம், அந்த அந்நியன் நாளையும் இந்த ஊரிலேயே இருப்பான் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. உன்னை எனக்குத் தெரியாது, ஆனால் நீ இங்கேதான் இருப்பாய் என்று அந்தக் கரண்டி சொல்கிறது. ஊர்விட்டு வந்தவனுக்கு இதைவிட வேறென்ன கேட்க வேண்டும்?

2013இல் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாறினார்கள். மருத்துவமனை வாசல்களில் நோயாளிக்குத் துணையாக வந்து நடைபாதையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதை அந்த வாசல்களில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே இலவசமாகத் தராமல் ஒரு ரூபாய் வாங்கியதை நான் மிகச் சரியான முடிவாகக் கருதுகிறேன். காசு கொடுத்தவன் வாடிக்கையாளன். அவன் ‘இன்னும் கொஞ்சம் சாம்பார்’ என்று கேட்கலாம். தர்மத்துக்குக் கையேந்துகிறவனால் அப்படிக் கேட்க முடியாது. நின்றுகொண்டு சாப்பிடும் அந்த உயரமான மேசைகளில் இந்த ஒரு ரூபாய் மரியாதை எத்தனையோ பேருக்குக் கிடைத்தது.

இப்போது வாளிக்கு வந்திருக்கும் ஆபத்து பருப்பு விலையால் வந்ததில்லை. செல்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வரும் இட்லியோடு, மூடி ஒட்டிய சிறு டப்பாவில் சாம்பார் வருகிறது. அளந்த சாம்பார். இரண்டாவது இட்லியின் பாதியில் அது தீர்ந்துவிடும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மேசைகள் கவிழ்த்து வைக்கப்பட்டு பார்சல் மட்டும் என்றானபோது, இந்தப் பழக்கம் அதுவரை தொடாத வீடுகளையும் தொட்டது. நோயாளிக்கும் முதியவருக்கும் குழந்தையை விட்டு நகர முடியாத தாய்க்கும் இது பெரிய உதவி. நானே வாங்குகிறேன். ஆனால் முழுக்க முழுக்க வீட்டுக்கு வருவிக்கும் உணவாலேயே வாழும் ஒரு தலைமுறை, அளக்காமல் ஊற்றும் கரண்டி ஒன்று இருந்தது என்பதையே அறியாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. கையில் டோக்கனோடு நிற்க வைக்கும் சுயசேவைக் கடைகளும் அதே வழியில் போகின்றன. கவுன்டரில் தட்டை வாங்கி மேசைக்கு வந்துவிட்டால், திரும்பவும் கூட்டத்தில் புகுந்து சாம்பார் கேட்கப் பலருக்குக் கூச்சம்.

அந்த டப்பாக்களைச் சுமந்து வரும் பையன்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பிற்பகல் மூன்று மணிக்குக் கையேந்தி பவன்களைச் சுற்றி அவர்களின் வண்டிகள்தான் நிற்கின்றன. மாலையானால் நடைபாதை இட்லிக் கடைகள். ஒரு பலகை, ஒரு ஸ்டவ், இரண்டு இட்லிக் குண்டான், பெரும்பாலும் ஓர் அக்கா. “இன்னாப்பா, அதுக்குள்ள எழுந்துக்கிற? ரெண்டு வெச்சுக்கோ.” “போதும்க்கா, வண்டி ஓட்டணும். கொஞ்சம் சாம்பார் மட்டும் ஊத்துக்கா.” ஊற்றுகிறார். முன்பெல்லாம் பெண்கள் தனியாக ஓட்டலுக்குள் நுழைந்தால் திரை போட்ட ‘ஃபேமிலி ரூம்’ பக்கம் கைகாட்டுவார்கள். இந்த அக்காவின் கடையில் இரவுப்பணி முடித்த நர்ஸ்களும் துணிக்கடைப் பெண்களும் ஆண்களுக்கு நடுவே நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். திரை இல்லை. பெரிய ஓட்டல்களுக்கே நெடுங்காலம் பிடித்த மாற்றம் நடைபாதையில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

வாளியைத் தூக்குகிற கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ‘சப்ளையர், கிளீனர், தோசை மாஸ்டர் தேவை. தங்குமிடம், உணவு இலவசம்’ என்ற தாள் எல்லா ஓட்டல் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும். விடிவதற்கு முன் எழுந்து, நாள் முழுவதும் நின்று, மதியக் கூட்டம் வடிந்த பிறகு சாப்பிட்டு, இரவு கடை சாத்தியதும் மாடியறையில் வரிசையாகப் படுக்கும் வாழ்க்கை. நம் ஆறுதல் முழுவதும் அந்தக் கால்களின் மேல் நிற்கிறது. முன்பு அவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துப் பையன்கள். 1981இல் கே.கே. நகரில் சரவண பவனைத் தொடங்கிய பி. ராஜகோபாலும் தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுவயதில் வேலை தேடி வந்து மேசை துடைத்தவர்தான். பின்னாளில் அவர் செய்த குற்றமும் பெற்ற தண்டனையும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதை மறைத்து அவரைப் பற்றிப் பேச முடியாது. இப்போது மேசை துடைக்கிறவர்கள் ஒடிசா, வங்காளம், அசாம், பீகார் பையன்கள். வந்து சில வாரங்களிலேயே ‘சாம்பார்’, ‘சட்னி’, ‘வேற என்ன சார்’ மூன்றையும் பழகிவிடுகிறார்கள். நம் இட்லி அவர்களுக்கு ஆறுதல் உணவு இல்லை. அதைத் தூக்கித் தூக்கி அலுத்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்கும் ஒரு கடை வேண்டுமே. திருப்பெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் தகரக் கொட்டகைகளில் அந்தக் கடைகள் முளைத்திருப்பதைக் காணலாம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கை மசித்துக் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்தது, ஒரு பொரியல். பலகை சிலவற்றில் இந்தியில், சிலவற்றில் வங்காளத்தில், பலவற்றில் கிடையாது. ஒரகடத்துக்குப் போகும் சாலையில் அப்படியொரு கடைக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. நடத்துகிறவர் ஒடிசாக்காரர், ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் அடுப்பு வைத்தவர். பக்கத்துக் கம்பெனியில் பயிற்சிக்கு வந்த நம் ஊர்ப் பையன்களும் இப்போது அங்கே சாப்பிட வருகிறார்கள். அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு வயிறு நிறையச் சோறு கிடைப்பது அங்கேதான். அவர்கள் கேட்டார்கள் என்று ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். கடுகெண்ணெயில் தாளிக்கிறார், முதல் வாய்க்கு விசித்திரமாக இருக்கும், மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ரோகு மீன் குழம்பு உண்டு. ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும், முன்னாலேயே போய்விடுவது நல்லது.